மூன்று மாதம் விளம்பரம் கொடுத்தும் எண்ணெய் விற்கவில்லை. மாதம் 5,000 ரூபாயில் என்ன செய்யலாம்?

வெள்ளகோவில் செக்கு

வணக்கமுங்க. கரூர் – கோவை சாலையில், வெள்ளகோவிலில் எங்களுக்கு மரச்செக்கு இருக்கிறது. அப்பா போட்டது. இரண்டு வாகை மரச் செக்கு, மோட்டாரில் ஓடுகிறது. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, அப்பாவுக்கு முட்டி வலி அதிகமானதால் போன வருடம் ஊருக்கு வந்து செக்கைக் கையில் எடுத்தேன்.

கூலிக்கு ஆட்டக் கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை. எண்ணெயாக வாங்குகிறவர்கள்தான் குறைவு. ஆன்லைனில் போனால் விற்கும் என்று ஒரு விளம்பர ஏஜென்சியிடம் மாதம் 12,000 ரூபாய் பேசி மூன்று மாதம் கொடுத்தேன். மொத்தம் 36,000. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்தார்கள். மாதம் பன்னிரண்டு போஸ்டர், பண்டிகைக்கு வாழ்த்து. 6,400 பேர் பக்கத்தைப் பின்தொடர்கிறார்கள். அதன் வழியாக வந்த ஆர்டர் நாலே நாலு. அதிலும் இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள். பின்தொடர்கிறவர்களின் ஊரைப் பார்த்தால் பெரும்பாலும் எங்கெங்கோ வட மாநிலங்கள். ஒரு லிட்டர் எண்ணெயை அங்கே அனுப்பினால் எண்ணெய் விலையை விடக் கூரியர் அதிகம்.

இப்போது இன்னொருவர் வந்து, ஒரு லட்சம் செல் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பித் தருகிறேன், 9,000 ரூபாய் கொடுங்கள் என்கிறார். அப்பா, "அந்தக் காசுக்குக் கடலை வாங்கிப் போடு" என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் விற்காமல் கடலை வாங்கி என்ன செய்வது?

மாதம் 5,000 ரூபாய் வரை என்னால் ஒதுக்க முடியும். அதற்கு மேல் முடியாது. எஸ்.எம்.எஸ்.ஸில் போடலாமா, ஃபேஸ்புக்கிலேயே தொடரலாமா? சிறு கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு

நான் கடைக்காரன் இல்லை, வாங்குகிறவன். திருப்பூரில் இருக்கிறேன். வீட்டில் செக்கெண்ணெய் வேண்டும் என்றால் நாங்கள் ஃபேஸ்புக்கைத் திறப்பதில்லை. கூகுள் மேப்பைத் திறந்து 'செக்கு எண்ணெய்' என்று போடுவோம். வருகிற நாலைந்து கடையில் படம் நன்றாக இருப்பது, இன்றைக்குத் திறந்திருப்பது, நாலு பேர் நல்லபடியாக எழுதியிருப்பது எதுவோ அங்கே போவோம்.

உங்கள் கடை மேப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கூகுள் பிசினஸ் புரொஃபைல் திறங்கள். முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான், 2021-ல் பெயர் மாற்றினார்கள். காசு கிடையாது. கடை இருக்கிற இடம், பெயர்ப் பலகை, உள்ளே செக்கு எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், சரிபார்க்கத்தான். வகை கேட்கும்போது வெறும் 'கடை' என்று விடாதீர்கள். எண்ணெய் சம்பந்தப்பட்ட வகையையே தேர்ந்தெடுங்கள். தேடுகிற சொல்லுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை வருகிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டு நம் கையில்.

ஞாயிறு லீவு என்றால் லீவு என்று போட்டுவிடுங்கள். 'திறந்திருக்கிறது' என்று காட்டியதை நம்பி ஒரு தடவை இருபது கிலோமீட்டர் பைக்கில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தக் கடைக்குத் திரும்பப் போகவே இல்லை.

குறுஞ்செய்தி ஆள்

மொத்த எஸ்.எம்.எஸ். அனுப்பும் தொழிலில் சென்னையில் ஆறு வருடம் இருந்தேன். அந்த 9,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி, வியாபாரச் செய்தி அனுப்புகிறவர் டி.எல்.டி. என்ற தளத்தில் முதலில் தன் நிறுவனத்தைப் பதிய வேண்டும். எந்த அனுப்புநர் பெயரில் செய்தி போகும், வாசகம் என்ன மாதிரி என்பதையும் பதிய வேண்டும். பதியாத வாசகம் வழியிலேயே தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று இந்த வடிகட்டலை இறுக்கியபோது வங்கி ஓ.டி.பி. கூட வராமல் நாடே திண்டாடியது. ஒரு வாரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு கறாரான ஏற்பாடு. உங்களிடம் வந்தவர் இதையெல்லாம் சுற்றிக்கொண்டு சாதா சிம் கார்டுகளிலிருந்து அனுப்பப் போகிறார். செய்தி கிடைத்தவர் 1909-க்குப் புகார் செய்தால் அந்த இணைப்பைத் துண்டிப்பார்கள். செய்தியில் இருப்பது உங்கள் கடைப் பெயர்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிகள்தான். அதுவும் 'கோ' என்ற ஒரு எழுத்து இரண்டு குறி, 'க்' என்பதும் இரண்டு. 'மரச்செக்கு' என்று எழுதினாலே பத்து போய்விடும். கடைப் பெயர், விலை, முகவரி எழுதுவதற்குள் இரண்டு மூன்று செய்திக்கான காசு ஆகிவிடும்.

எஸ்.எம்.எஸ்.ஸே வீண் என்று சொல்லவில்லை. "உங்கள் எண்ணெய் தயார்" என்று கூலிக்கு ஆட்டக் கொடுத்தவருக்கு அனுப்பினால் அவர் நன்றியோடு படிப்பார். செல்போன் விளம்பரத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்துஸ்தான் யூனிலீவர் 2013-ல் பீகார், ஜார்க்கண்டில் செய்தது. கரண்டும் டி.வி.யும் சரியாக இல்லாத ஊர்கள். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்துப் பாட்டும் சிரிப்பும் போடுவார்கள், நடுவில் சோப்பு விளம்பரம் வரும். மக்கள் தாங்களாகவே அழைத்தார்கள், கேட்டார்கள். ஒரு லட்சம் பேர் காதில் நாம் போய்க் கத்துவதற்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சின்னாளப்பட்டி சுங்குடி

தம்பி, போன 36,000-ஐ நினைத்து மனசை உடைத்துக்கொள்ளாதீர்கள். நான் இதைவிட மோசமாக இழந்தேன். பணத்தை அல்ல, வாடிக்கையாளர்களை. அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் குடும்பம் சாயம் முக்குகிறவர்கள். நான் 2019-ல் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்கத் தொடங்கினேன். இரண்டு வருடத்தில் நானூறு பேர் வரை சேர்ந்தார்கள். எல்லாரும் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தவர்கள். 2021 தீபாவளிக்கு முன்னால் ஒருவர் ஒரு மென்பொருளும் நம்பர் பட்டியலும் கொடுத்தார். ஒரே ராத்திரியில் மூவாயிரம் பேருக்குச் சேலைப் படம் அனுப்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் என் எண் முடங்கிக் கிடந்தது. தெரியாத ஆளிடமிருந்து வந்தது என்று செய்தி கிடைத்தவர்கள் புகார் செய்திருப்பார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. நானூறு பேரின் பேச்சும் அளவும் பிடித்த நிறமும் அதற்குள்தான் இருந்தன. தறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துச் சேலையை அடுக்கி வைத்திருந்த நேரம் அது.

புது சிம் வாங்கி, பழைய பில் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். "அக்கா நம்பர் மாறிப்போச்சு, இதைச் சேவ் பண்ணிக்கோங்க" என்று. பதினோரு நாள், பகல் முழுக்க. பில் புத்தகத்தில் கிடைத்தது 230 எண்தான். பேசும்போதே, "சரி, தீபாவளிக்கு என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டு 70 பேருக்கு மேல் சேலை சொன்னார்கள். மூவாயிரம் பேருக்கு அனுப்பியதில் ஒருவர்கூட வாங்கவில்லை.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றுதான். நம் எண் எத்தனை பேர் போனில் நம் பெயரோடு சேவ் ஆகி இருக்கிறது? பின்தொடர்கிறவர் கணக்கெல்லாம் அப்புறம். இதற்கு வாட்ஸ்அப்பிலேயே காரணம் இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைப் போடலாம், ஆனால் நம் எண்ணைச் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் சேவ் செய்திருந்தால்தான் தெரியும். சாதா வாட்ஸ்அப்பை விட்டு வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்கள், அதுவும் இலவசம். விலையோடு பொருள் படம் அடுக்கி வைக்கலாம், வாடிக்கையாளருக்கு நிறச் சீட்டு ஒட்டலாம். நான் 'வெள்ளைச் சேலை', 'பெரியம்மா அளவு', 'கடன் பாக்கி' என்று ஒட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் எண்ணை மக்கள் ஏன் சேவ் செய்ய வேண்டும்? அதற்கு நாம் காரணம் கொடுக்க வேண்டும். சேலையை விட எண்ணெய்க்கு அது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று, ஆட்டும் நாள். செவ்வாய் கடலை, வெள்ளி எள் என்று நீங்கள் ஒரு முறை வைத்திருப்பீர்கள் அல்லவா? புதிதாக ஆட்டி, தெளிய வைத்து, எடுக்கும் நாளைச் சொல்கிற கடைக்காரர் எண்ணை எந்த வீட்டிலும் சேவ் செய்வார்கள். அப்புறம் புண்ணாக்கு. உங்கள் பக்கம் மாடு இல்லாத தோட்டமே கிடையாது. கடலைப் புண்ணாக்கு இன்றைக்கு இருக்கிறதா, என்ன விலை என்று ஸ்டேட்டஸில் போடுங்கள். புண்ணாக்குக்காகச் சேவ் செய்கிறவர் வீட்டிலும் சமையல் நடக்கிறது.

அடுத்தது முக்கியம். எண்ணெய் தீரும். என் சேலை தீராது, அடுத்த விசேஷம் வர வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஐந்து லிட்டர் கேன் வாங்கிய வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை எப்போது வாங்குகிறார்கள் என்று பார்த்தால் அந்த வீட்டின் கணக்கு தெரிந்துவிடும். தீர்வதற்கு ஐந்து நாள் முன்னால், "அண்ணா, வெள்ளிக்கிழமை ஆட்டுகிறோம், உங்களுக்கு ஒரு கேன் எடுத்து வைக்கட்டுமா?" என்று அவர் பெயரைப் போட்டு அனுப்புங்கள். இதை நான் விளம்பரம் என்று நினைப்பதில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி வாசலில் பார்த்துக் கேட்கிற கேள்விதான்.

கேட்காமல் யாரையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். பில் போடும்போதே, "ஆட்டும் நாள் தகவல் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. சரி என்றவரை அவர் போனிலிருந்தே உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள், கடை வாசலில் கியூ.ஆர். ஒட்டிவிட்டால் போதும்.

போஸ்டருக்கு இனி காசு கொடுக்க வேண்டாம். உங்கள் எண்ணெய் ஏன் பாக்கெட் எண்ணெயை விட விலை அதிகம் என்பதுதான் வாங்க வருகிறவர் மனதில் இருக்கிற கேள்வி. கலப்படம் இருக்குமோ என்ற பயம் அடுத்தது. இரண்டுக்கும் ஒரே வீடியோ போதும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும் என்கிறார்கள், உங்கள் செக்கில் சரியாக எவ்வளவோ அதைத் தராசில் வைத்துக் காட்டுங்கள். அன்றைய பருப்பு விலையைச் சொல்லுங்கள், செக்கில் கொட்டுங்கள், எண்ணெய் வடிவதைக் காட்டுங்கள். எள்ளுக்குக் கருப்பட்டி போடுவதை அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். பின்னணி இசை வேண்டாம், செக்குச் சத்தம் போதும். அப்பாவின் குரலை உங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள், அதற்கு இணையான போஸ்டர் கிடையாது.

வெள்ளகோவில் செக்கு

அக்கா, படித்துவிட்டு அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். புண்ணாக்கு விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தினமும் பத்துப் பேராவது போனில் கேட்கிறார்கள், ஒருவர் எண்ணைக்கூட நாங்கள் குறித்து வைத்ததில்லை.

இரண்டு சந்தேகம். ஃபேஸ்புக் விளம்பரத்தை அடியோடு விட்டுவிடலாமா? அப்புறம், ஏஜென்சி போட்ட போஸ்டரில், 'கொலஸ்ட்ராலைக் கரைக்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்' என்று இருக்கிறது. அதற்குத்தான் லைக் அதிகம். அதை வைத்துக்கொள்ளலாமா?

மசாலா வீடு

இரண்டாவதற்கு மட்டும் பதில். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உணவுப் பொருளை விற்கிறவர் அது நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 விதி. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. போஸ்டர் போட்டது ஏஜென்சியாக இருந்தாலும் பெயர் உங்களுடையது. எங்கள் சீரகப் பொடி உறையில் 'செரிமானக் கோளாறு நீங்கும்' என்று எழுதியிருந்ததை நானும் அழித்து அச்சடித்தேன். அதற்குப் பதிலாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 14 இலக்க எண்ணைத் தெளிவாகப் போடுங்கள். பில்லிலும் இருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம்.

இதைச் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. சர்க்கரை உள்ள ஒரு பெரியவர் அந்த போஸ்டரை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால்?

சின்னாளப்பட்டி சுங்குடி

மசாலா வீடு சொன்னதை அப்படியே செய்யுங்கள் தம்பி.

ஃபேஸ்புக்கை விட வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரம் கொடுக்கும்போது 'என்ன வேண்டும்?' என்று ஒரு கேள்வி வரும். லைக் வேண்டும் என்று சொன்னால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் லைக் போடுகிற ஆட்களாகப் பார்த்து அது காட்டும். இடத்தையும் குறுக்காமல் விட்டால் மலிவாக லைக் கிடைக்கிற ஊராகப் போகும். இயந்திரம் கேட்டதைக் கொடுத்தது. ஏஜென்சி உங்களுக்காகக் கேட்டது தவறான பொருள்.

நீங்கள் 'வாட்ஸ்அப்பில் பேச வேண்டும்' என்ற நோக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அழுத்தினால் நேராக உங்கள் எண்ணுக்குப் பேச்சு வரும். இடத்தில் ஊர் பெயரைப் போட்டுச் சுற்றளவைக் குறுக்குங்கள். முதலில் வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் பக்கம். நீங்கள் வாரம் ஒரு முறை திருப்பூர் போவீர்கள் என்றால் திருப்பூருக்குத் தனியாக ஒன்று. நாளுக்கு 150 ரூபாய், இருபது நாள், 3,000 ரூபாய். அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. 540 சேர்த்து 3,540. மீதியில் கேனுக்கு ஸ்டிக்கர் அடியுங்கள். ஆட்டிய தேதி எழுத இடம், உங்கள் எண் பெரிதாக. கேன் தீரும் வரை அது அடுப்படியில்தான் இருக்கும்.

பக்கத்தின் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஏஜென்சி கணக்கில் இருந்தால் உங்களை முழு உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லி, சேர்த்த பிறகு அவர்களோடு கணக்கை முடியுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும், "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு மாதம் எழுதினால் அடுத்த மாதம் 5,000 எங்கே போக வேண்டும் என்று அந்த நோட்டே காட்டிவிடும்.

வெள்ளகோவில் செக்கு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். யோசனை கேட்டவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

எஸ்.எம்.எஸ்.காரரை அனுப்பிவிட்டேன். பக்கம் என் பெயருக்கு வந்துவிட்டது, அந்த போஸ்டர்களையெல்லாம் அழித்துவிட்டேன். மேப்பில் பார்த்தால் கடை ஏற்கெனவே இருந்தது, யாரோ சேர்த்திருக்கிறார்கள். 'அரிசி ஆலை' என்று போட்டு, அப்பாவின் பழைய லேண்ட்லைன் எண் இருந்தது. அந்த லேண்ட்லைன் இணைப்பைத் துண்டித்தே நாலு வருடம் ஆகிறது. எத்தனை பேர் அடித்துப் பார்த்தார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வீடியோ அனுப்பிச் சரி செய்துவிட்டேன்.

நோட்டில் புது ஆட்கள் 58 பேர். தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் 22. மேப் பார்த்து 17. புண்ணாக்கு ஸ்டேட்டஸ் பார்த்து எண்ணெயும் வாங்கியவர்கள் 11. ஃபேஸ்புக் விளம்பரத்தில் 6, ஆறு பேருமே திருப்பூர். ரோட்டில் போகும்போது பலகை பார்த்து 2. வாட்ஸ்அப்பில் சரி என்று சொல்லிச் சேர்ந்தவர்கள் 143.

அப்பா தராசு வைத்துப் பேசிய வீடியோவை மூலனூர்க்காரர் ஒருவர் துபாயில் இருக்கிற மகனுக்கு அனுப்ப, அந்தப் பையன் அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கேன் சொல்லிப் பணமும் போட்டுவிட்டான். அப்பா அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தேங்காய்க்கும் ஒன்று எடு என்று அவரே கேட்டார்.

அடுத்த மாதம் வெள்ளகோவில், காங்கேயம் விளம்பரத்தை நிறுத்துகிறேன். இங்கே மேப்பும் ஸ்டேட்டஸுமே போதும் போலிருக்கிறது. திருப்பூருக்கு மட்டும் 1,500 ரூபாய் வைத்துவிட்டு, மீதியைப் பெட்ரோலுக்கு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தோறும் அங்கே கேன் கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். அவிநாசி ரோடு அண்ணா, முதல் சனிக்கிழமை உங்கள் பக்கம்தான் வருகிறேன். கடலையா, நல்லெண்ணெயா என்று சொல்லுங்கள்.